தீயோர் காக்கும் நெறி



திருவெறும்பூர்க் குன்றின் அடிவாரத்தில் குடியிருப்பவன் நான். திருச்சியிலிருந்து தஞ்சைச் சாலையில் சென்றவர்கள் அந்தச் சிறிய குன்றையும், அதன்மேல் நிற்கும் எறும்பீசுவரர் கோயிலையும் பார்த்திருப்பார்கள். அப்பரடிகள் பாடிய தலம் அது. தாரகாசுரன் என்னும் அசுரனுக்கு அஞ்சிய தேவர்கள், அவன் கண்ணில் படாதிருக்க எறும்பு வடிவம் கொண்டு இங்கே வந்து சிவபெருமானை வழிபட்டார்கள் என்று தலபுராணம் சொல்லுகிறது. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் முதன்முதலாகக் கேட்கும் கதை இதுதான். எறும்பாக வந்தவர்கள் நல்லவர்கள். அவர்களை விரட்டியவன் கெட்டவன். கதை எளிது, நீதியும் எளிது.

என் பேரனுக்கும் அந்தக் கதையை அந்தப் படிகளில் உட்கார்ந்துதான் சொன்னேன். இப்போது அவன் கல்லூரியில் முதலாண்டு படிக்கிறான். சென்ற மாதம் அவன் என்னிடம் ஒரு கேள்வி கேட்டான். அந்தக் கேள்வி அத்தனை எளிதாக இல்லை. அதைத்தான் இன்று உங்கள்முன் வைக்க விரும்புகிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவனுடைய தோழர்கள் நால்வர் எங்கள் வீட்டு மாடிக்கு வருவார்கள். எல்லோரும் 1960களில் இங்கே எழுந்த பெரிய தொழிற்சாலைகளை நம்பி வந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள். அவர்கள் ஆடும் ஆட்டம் விந்தையானது. பலகை வேண்டுவதில்லை, வெற்றி தோல்வியும் இல்லை. ஒருவன் கதையை நடத்துவான். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பாத்திரத்தை ஏற்று, அந்தப் பாத்திரம் என்ன பேசும், என்ன செய்யும் என்பதைத் தாமே சொல்லிக்கொண்டு போவார்கள். ஒரு செயல் நிறைவேறுமா, ஆகாதா என்ற ஐயம் வந்தால், இருபது முகமுள்ள ஒரு பகடையை உருட்டி முடிவு காண்பார்கள். நம் தெருக்கூத்தையும் பாரதத்துச் சூதாட்டத்தையும் ஒன்றாகக் கலந்தாற்போன்ற ஆட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1974ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் இதை வகுத்து வெளியிட்டார்கள். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது அதன் பெயர். அதில் ஒரு விதி என்னைக் கவர்ந்தது. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு குணச்சார்பு குறிக்கப்பட வேண்டும். தொடக்கத்தில் ஒழுங்கு, நடுநிலை, ஒழுங்கின்மை என்று மூன்றே பிரிவுகள் இருந்தன. சில ஆண்டுகளுக்குள் நன்மை, தீமை என்ற மற்றோர் அளவுகோலையும் சேர்த்து, மூன்றும் மூன்றும் பெருக்கி ஒன்பது பிரிவுகள் ஆக்கினார்கள். அவற்றுள் ஒன்றை நாம் 'ஒழுங்கு தவறாத தீயவன்' என்று சொல்லலாம். அவன் கொடியவன்; ஆனால் கொடுத்த வாக்கை மீறமாட்டான். தனக்கென்று ஒரு விதி வகுத்துக்கொண்டு அதன்படி நடப்பான்.

என் பேரன் ஏற்றிருந்தது அத்தகைய பாத்திரம். கொடுங்கோலன் ஒருவனுடைய கோட்டையில் அவன் வாயிற்காவலன். பஞ்சகாலத்தில் தெருவில் கிடந்தவனுக்குச் சோறிட்டு வளர்த்தவன் அந்தக் கொடுங்கோலன். அவன் உத்தரவில்லாமல் கதவைத் திறப்பதில்லை என்று இவன் சத்தியம் செய்திருக்கிறான். கோட்டைக்குள் கிராமத்து மக்கள் சிறைப்பட்டிருக்கிறார்கள். விடிந்தால் அவர்களுக்குக் கொலைத் தண்டனை. வெளியே நிற்பவர்கள் கதவைத் திறக்கும்படி வேண்டுகிறார்கள். ஆட்டம் அந்த இடத்தில் நின்றுவிட்டது. "தீயவனுக்கு வாக்கு என்ன, நாணயம் என்ன? வசதிப்படி மீறிவிடு" என்றான் ஒரு தோழன். "மீறினால் அந்தப் பாத்திரமே செத்துப்போகும்" என்றான் மற்றொருவன். வாதம் முற்றியது. பேரன் கீழே இறங்கி வந்து, "தாத்தா, கெட்டவனுக்கு அறம் உண்டா?" என்று கேட்டான்.

உண்டு என்று சொல்வதா, இல்லை என்று சொல்வதா? நாம் வாழும் இந்தத் திருச்சி வட்டாரத்தையே பாருங்கள். தேவர்களை எறும்பாக்கிய அசுரன் ஒருவன் எங்கள் ஊரில். திருச்சிராப்பள்ளி என்ற பெயருக்குப் பல விளக்கங்கள் உண்டு. மூன்று தலையுடைய திரிசிரன் என்னும் அரக்கன் இங்கே சிவனை வழிபட்டதனால் வந்த பெயர் என்பது அவற்றுள் ஒன்று. காவிரியைக் கடந்து சீரங்கம் சென்றால், அரங்கநாதர் தெற்கு நோக்கிப் பள்ளிகொண்டிருப்பது இலங்கையிலிருக்கும் விபீடணனுக்காக என்று கூறுவார்கள். ஆக, ஒருவன் தேவரை விரட்டிய அசுரன். ஒருவன் வழிபட்ட அரக்கன். ஒருவன் தன் குலத்தை விட்டு வந்த அரக்கன். அரக்கர் என்ற ஒரே சொல்லுக்குள் இத்தனை வேறுபாடு. நம் முன்னோர் தீயவர்களை ஒரே கரியால் எழுதவில்லை.

ஆயினும், தீயவரிடம் காணும் ஒழுங்கையெல்லாம் அறம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. முதலாவதாக, அச்சத்தால் விளையும் ஒழுங்கு ஒன்று உண்டு. சீதையை இராவணன் தீண்டவில்லை. நிலத்தோடு பெயர்த்து எடுத்துச் சென்றான் என்று கம்பர் பாடினார். இதைச் சொல்லி இராவணனுடைய கண்ணியத்தைப் போற்றுவோர் உண்டு. விரும்பாத பெண்ணைத் தீண்டினால் அழிவு நேரும் என்ற சாபம் அவன் தலைமேல் இருந்ததை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். காவற்காரனைக் கண்டு ஒதுங்கும் திருடனை நாம் நாணயமானவன் என்று சொல்வதில்லை.

இரண்டாவது, பேரத்தால் விளையும் ஒழுங்கு. இரணியன் பெற்ற வரத்தை எண்ணிப் பாருங்கள். பகலிலும் சாகக்கூடாது, இரவிலும் சாகக்கூடாது. வீட்டின் உள்ளேயும் ஆகாது, வெளியேயும் ஆகாது. மனிதனாலும் ஆகாது, விலங்காலும் ஆகாது. தேர்ந்த வழக்கறிஞர் எழுதிய பத்திரம்போல் இருக்கிறது! தவம் செய்தான், அதற்குரிய விலையைக் கேட்டு வாங்கினான். சட்டத்தின் எழுத்துக்கு உட்பட்டே கொடுமை செய்தான். சீரங்கத்தில் தாயார் சந்நிதிக்கு எதிரே கம்பர் மண்டபத்தைக் காட்டுவார்கள். கம்பர் தம் காவியத்தை அரங்கேற்றியபோது, இரணியன் வதைப் படலத்தைக் கேட்டு அருகிலுள்ள மேட்டழகிய சிங்கர் தலையசைத்து மகிழ்ந்தார் என்பது வழிவழி வந்த செய்தி. எழுத்தை மட்டும் காத்தவனை, அந்த எழுத்தின் இடைவெளியிலேயே புகுந்து இறைவன் முடித்தான். அந்தியில், வாசற்படியில், மனிதனும் விலங்கும் அல்லாத வடிவில் வந்தான். எழுத்தை நம்பிப் பிறரை வதைப்பவனுக்கு அந்த எழுத்தே கைவிட்டுவிடும் என்பதுதான் அந்தக் கதை.

இவ்விரண்டையும் தள்ளிவிட்ட பிறகும், உண்மையான நற்பண்பு சில தீயவரிடம் எஞ்சி நிற்கிறது. அங்கேதான் சிக்கல். துரியோதனனை எடுத்துக்கொள்ளுங்கள். அவன் மனைவியும் கர்ணனும் சொக்கட்டான் ஆடிக்கொண்டிருந்தார்கள். கணவன் வருவதைக் கண்டு அவள் எழ முயன்றாள். ஆட்டத்தில் தோற்று எழுகிறாள் என்று எண்ணிக் கர்ணன் கை நீட்டித் தடுத்தான். மேகலை அறுந்து முத்துகள் சிதறின. துரியோதனன் ஐயுறவில்லை, சினக்கவுமில்லை. முத்துகளைத் தானே பொறுக்கித் தருவதாகச் சொன்னானாம். இத்தகைய நம்பிக்கையை எத்தனை நல்லவர்களிடம் நாம் காண முடியும்? அந்த ஒரு கணத்துக்காகவே கர்ணன் தன் உயிரைக் கொடுத்தான் என்றால் வியப்பில்லை.

ஆனால் அதே துரியோதனன்தான் நிறைந்த அவையில் மற்றொருத்தியின் ஆடையைக் களையச் சொன்னான். தன் மனைவியின் மேகலை அறுந்தபோது முத்தைப் பொறுக்க முன்வந்தவனுக்கு, பாஞ்சாலியின் கூந்தலைப் பற்றி இழுத்து வந்தபோது கண் கலங்கவில்லை. இரண்டும் ஒரே மனிதன் செய்தவை. முன்னது பொய்யன்று, பின்னதும் பொய்யன்று. அவனிடம் பண்பு இருந்தது. அது அவன் வீட்டு வாசற்படியோடு நின்றுவிட்டது.

அன்பர்களே, தீயோர் நெறியின் இலக்கணம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. தீயவனுக்கு அன்பு உண்டு, நன்றி உண்டு, வாக்குத் தவறாமை உண்டு. ஆனால் இவை எல்லாம் தன்னவர்க்கு மட்டுமே. வேலிக்கு அப்பால் நிற்பவன் அவனுக்கு மனிதனாகத் தெரிவதில்லை.

இப்படிச் சொன்னதும் பேரன் கும்பகருணனைக் கொண்டுவந்து நிறுத்தினான். "அவன் துரியோதனனைப்போல் இல்லையே, தாத்தா" என்றான். உண்மைதான். கும்பகருணன் சீதைக்குத் தீங்கு எண்ணியவன் அல்லன். அரசவையிலேயே அண்ணன் செய்தது தகாது என்று இடித்துரைத்தான். போர் மூண்ட பின்னர் எழுப்பப்பட்டபோதும், சீதையை விட்டுவிடும்படியே சொன்னான். இராவணன் கேட்கவில்லை, தம்பியை இகழ்ந்தான். வெல்ல முடியாது என்று அறிந்தே போர்க்களம் சென்றான். களத்தில் விபீடணன் வந்து இராமனுடைய பக்கம் அழைத்தபோது மறுத்தான். நெடுநாள் தன்னை வளர்த்துப் போர்க்கோலம் செய்து அனுப்பிய அண்ணனுக்காக உயிரைக் கொடுப்பதே தன் கடன் என்றான். இதையே செஞ்சோற்றுக் கடன் என்று நாம் சொல்லி வருகிறோம். தம்பியை மட்டும் தழுவி, நீ வாழ வேண்டும் என்று வாழ்த்தி அனுப்பினான்.

விபீடணன் அறத்தின் பக்கம் நின்றவன் என்று அறிவு சொல்லுகிறது. ஆயினும் கும்பகருணனுக்காகவே கண்ணீர் வருகிறது. இந்தப் பிளவு நம் எல்லோர் நெஞ்சிலும் உண்டு. கும்பகருணனுடைய கடனைக் குறை சொல்ல என் நா எழுவதில்லை. ஆனால் ஒரு கேள்வியை மட்டும் கேட்காமல் இருக்க முடியவில்லை. அவன் செலுத்திய கடனால் சீதைக்கு என்ன கிடைத்தது? அசோகவனத்தில் இன்னும் சில நாள் சிறை. அவ்வளவுதான். தீமை தன் காலால் நடப்பதில்லை. நல்லவர்களுடைய நன்றியின் தோளில் ஏறித்தான் நடக்கிறது. கொடியவன் ஒருவன் மட்டும் தனியே நின்றால் எத்தனை நாள் நிற்பான்? அவனைத் தாங்குவது கும்பகருணர்களும் கர்ணர்களுமே.

இதை நான் ஏட்டில் படித்து மட்டும் சொல்லவில்லை. இளமையில் நான் வேறோர் ஊரில் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதி வந்தேன். ஊரையும் அலுவலகத்தையும் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு வேலை தேடிக் கொடுத்தவர் அங்கே மேலதிகாரியாக இருந்தார். என் தந்தையார் நோயுற்றபோது மருந்துக்குப் பணம் கொடுத்தவரும் அவரே. ஒருமுறை பண்டகசாலையில் சரக்குக் குறைந்தது. குறைந்த காரணம் அவருக்குத் தெரியும். கணக்கு எழுதிய எனக்கும் தெரியும். பழி அங்கே மூட்டை தூக்கிய சிப்பந்தி ஒருவர்மேல் விழுந்தது. விசாரணையில் என்னைக் கேட்டார்கள். நான் பொய் சொல்லவில்லை. "எனக்கு ஒன்றும் தெரியாது" என்பதுபோல் தலைகுனிந்து நின்றேன். அந்தச் சிப்பந்திக்கு வேலை போயிற்று. மறுமாதம் குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போனார். எங்கே போனார் என்று நான் விசாரித்ததும் இல்லை.

பல ஆண்டுகள் நான் இதைச் செஞ்சோற்றுக் கடன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கும்பகருணனை நினைத்து ஆறுதலும் அடைந்தேன். பேரனுக்குக் கதை சொல்லத் தொடங்கிய அன்றுதான் என் தவறு எனக்கு விளங்கிற்று. கும்பகருணன் உண்மையை அண்ணன் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுச் செத்தான். நான் சொல்லாமல் இருந்து பிழைத்தேன். அவன் தன் உயிரால் கடனைத் தீர்த்தான். நான் அந்தச் சிப்பந்தியின் சோற்றால் என் கடனைத் தீர்த்தேன். என் நன்றி உண்மையானதுதான். ஆனால் அதுவும் என் வாசற்படியைத் தாண்டவில்லை.

அப்படியானால் வாசற்படியைத் தாண்டிய நெறி எது? அதையும் ஓர் அசுரனிடமே காணலாம். மாவலியிடம் வாமனன் வந்து மூன்றடி மண் கேட்டான். வந்தவன் திருமால், கொடுத்தால் எல்லாம் போய்விடும் என்று குரு சுக்கிரர் எச்சரித்தார். மாவலி கேட்கவில்லை, நீர் வார்த்துக் கொடுத்தான். அவன் வாக்கைக் காத்தது தன்னவனுக்காக அன்று. தன்னை அழிக்க வந்தவனுக்காக. அந்த இடத்தில் அசுரன் என்ற பெயர் அவன்மேல் ஒட்டாமல் உதிர்ந்துபோகிறது. மலையாள நாட்டில் ஓணத் திருநாளன்று மக்கள் இன்றும் அவனை வரவேற்கிறார்கள் என்றால் காரணம் இல்லாமல் இல்லை.

மறுபக்கம் இராமனைப் பாருங்கள். முதல்நாட் போரில் தேரும் படைக்கலமும் இழந்து வெறுங்கையோடு நின்ற இராவணனைக் கொல்லாமல், மறுநாள் வரும்படி சொல்லி விடுத்தான். மனைவியைக் கவர்ந்து சென்ற பகைவனுக்கும் போர்நெறி உண்டு என்று எண்ணியது அவன் உள்ளம். நல்லவனுடைய நெறிக்கும் தீயவனுடைய நெறிக்கும் உள்ள வேறுபாடு, ஒன்றில் வாக்குறுதி இருப்பதும் மற்றொன்றில் இல்லாதிருப்பதும் அன்று. அந்த வாக்குறுதி யார்வரை செல்லுகிறது என்பதே வேறுபாடு.

பிள்ளைகள் கொடியவர் வேடம் ஏற்று ஆடினால் அவர்கள் மனம் கெட்டுப்போகாதா என்று சிலர் அஞ்சுவார்கள். 1980களில் அமெரிக்காவிலும் பெற்றோர் சிலர் இந்த ஆட்டத்தைக் கண்டு பெரிதும் கலங்கினார்கள். நமக்கு அந்த அச்சம் வேண்டா. திரௌபதி அம்மன் விழாக்களில் துச்சாதனன் வேடமிடும் கூத்தர், துகிலுரியும் கட்டத்துக்குமுன் கற்பூரம் ஏற்றி வணங்குவதுண்டு. ஆர். எஸ். மனோகர் 'இலங்கேஸ்வரன்' நாடகத்தில் இராவணனாகவே நின்று மக்கள் மனத்தில் இடம்பெற்றார். திரைப்படங்களில் கொடியவராகவே வாழ்நாளைக் கழித்த எம். என். நம்பியார், சொந்த வாழ்வில் ஐயப்ப பக்தராகவும் கட்டுப்பாடு மிக்கவராகவும் விளங்கினார். தீயவனுடைய தோலுக்குள் சிறிது நேரம் நின்று பார்ப்பது தீமையைக் கற்பதற்கு மட்டுமா பயன்படும்? அவன் எந்த நல்ல காரணத்தைச் சொல்லிக்கொண்டு தீமை செய்கிறான் என்பதை அறியவும் பயன்படும். அந்த அறிவு எனக்கு இருபத்தைந்து வயதில் வாய்த்திருந்தால், அன்று விசாரணையில் தலைகுனிந்து நின்றிருக்கமாட்டேன்.

அடுத்த ஞாயிறு மாடியில் ஆட்டம் தொடர்ந்தது. நானும் ஒரு மூலையில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். பேரனுடைய காவலன் திருட்டுத்தனமாகக் கதவைத் திறக்கவில்லை. காவலைக் கட்டிக்கொண்டு நிற்கவும் இல்லை. நேரே கொடுங்கோலனிடம் போனான். "நீங்கள் இட்ட சோற்றை மறக்கவில்லை. அதற்காக என் உயிரைக் கேளுங்கள், தருகிறேன். உள்ளே இருப்பவர்கள் உயிரைக் கேட்காதீர்கள். அது நான் கொடுக்கக்கூடிய பொருள் அன்று. விடிவதற்குள் இந்தக் கதவை நானே திறப்பேன். தடுப்பதானால் இப்போதே தடுத்துவிடுங்கள்" என்று சொன்னான். பிள்ளைகள் பகடையை உருட்டினார்கள். எண் குறைவாக விழுந்தது. காவலன் கதவைத் திறந்தான், ஆனால் பிழைக்கவில்லை.

தோழர்கள் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு ஒருவன், "இவன் சீட்டில் 'தீயவன்' என்று எழுதியிருக்கிறதே, அதை என்ன செய்வது?" என்று கேட்டான். பேரன் என்னைப் பார்த்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவனே அந்தச் சொல்லை அழித்துவிட்டான். அதற்குப் பதிலாக வேறு எதையும் எழுதவில்லை.

அன்பர்களே, ஆட்டத்தில் சீட்டு உண்டு. அதில் எழுதவும் அழிக்கவும் முடியும். வாழ்க்கையில் நமக்கு அந்தச் சீட்டு இல்லை. நான் நன்றியுள்ளவன், நான் சொன்ன சொல் தவறாதவன், நான் என்னவர்களைக் கைவிடாதவன் என்று நாம் ஒவ்வொருவரும் பெருமைப்படுகிறோம். பெருமை தகும். ஆனால் அப்படிச் சொல்லும்போதெல்லாம், நம் வாசற்படிக்கு வெளியே யார் நிற்கிறார்கள் என்று ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லுவது நல்லது.